சூத்திரமா? மந்திரமா?

பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்றை அழைத்து, இருபடிச் சமன்பாட்டுக்கு விடை காண்பது எப்படி என்று கேட்டால், “மைனஸ் பி பிளஸ் ஆர் மைனஸ் ரூட் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி பை டூ ஏ” என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிடும். சரி, பி-யை ஏன் வர்க்கம் செய்ய வேண்டும்? ஏன் இரண்டால் வகுக்க வேண்டும்? என்று கேட்டால், “சார் அப்படித்தான் சொன்னார்” என்பதைத் தவிர வேறு பதில் கிடைப்பது அரிதாகவே இருக்கின்றது. புரோகிதர் ஓதும் மந்திரத்துக்குப் பொருள் கேட்டால் “முன்னோர் சொன்னது” என்று சொல்லப்படுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. காரணம் தெரிந்தபின் மனப்பாடம் செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும். காரணம் தெரியாமல் செய்வது புத்தியை மழுக்கும்.

அந்தக் காரணம்தான் என்ன பிரம்ம ரகசியமா? 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி காட்டிய கணக்கையே பாருங்கள். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் 10 மடங்கைக் கூட்டினால் 39. அந்த எண் எது? அவ்வெண்ணைப் பக்கமாகக் கொண்ட ஒரு சதுரத்தைக் காகிதத்தில் வெட்டுங்கள். 10-ஐப் பாதியாக்கி, 5 அகலமுள்ள இரண்டு துண்டுகளை அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டுங்கள். இதுவரை பரப்பு 39. மூலையில் ஒரு சதுரம் காலியாக நிற்கும். அது 5-க்கு 5, அதாவது 25. அதையும் அடைத்தால் 64 பரப்புள்ள முழுச் சதுரம். அதன் பக்கம் 8. ஒட்டிய 5-ஐக் கழித்தால் 3. அவ்வளவுதான் விஷயம்!

சூத்திரத்தில் வரும் “பை டூ” நாம் 10-ஐப் பாதியாக்கிய வேலை. “ரூட்” முழுச் சதுரத்தின் பக்கம் கண்ட வேலை. “பிளஸ் ஆர் மைனஸ்” ஏனென்றால், மைனஸ் 8-ன் வர்க்கமும் 64 தான். ஆகவே மைனஸ் 13-ம் ஒரு விடை. வர்க்கத்தின் முன் வேறு எண் நின்றால், முதலில் எல்லாவற்றையும் அதனால் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இது எந்தத் தெய்வமும் அருளியதல்ல. கி.மு. 1800-ஐ ஒட்டிய பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே பாதியாக்கி வர்க்கம் செய்யும் இந்த வழி இருக்கின்றது. 628-ல் பிரம்மகுப்தர் எதிர் எண்களுக்கு விதி எழுதினார். ஆனால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றும் எழுதினார். அல்-குவாரிஸ்மியோ மைனஸ் விடைகளையே தள்ளிவிட்டார். பின்வந்தவர்கள் என்ன செய்தார்கள்? பெரியவர்கள் சொன்னது என்று கும்பிடவில்லை. சரியானதை வைத்துக்கொண்டு, தவறானதைத் திருத்தினார்கள். அதனால்தான் கணக்கு வளர்ந்தது.

“பரீட்சைக்கு இதெல்லாம் வராது” என்பார்கள் சிலர். ஒரு காகிதமும் கத்தரிக்கோலும் கால் மணி நேரமும் இல்லாத பள்ளிக்கூடம் எங்கே இருக்கின்றது? மற்ற விஷயங்களிலாவது காரணம் காட்டுவது கஷ்டம் என்று சாக்குச் சொல்லலாம். கணக்கிலோ காரணம் மேஜைமேலேயே கிடக்கின்றது. அங்கேயே “ஏன்?” என்று கேட்ட பிள்ளையை “உட்கார்” என்று அடக்கினால், அது நாளைக்கு ஜோசியனிடமும் சாமியாரிடமும் எப்படிக் காரணம் கேட்கும்? ஆகவே, உபாத்தியாயர்கள் முதலில் சதுரத்தைக் காட்டி, பிறகு சூத்திரத்தைச் சொல்ல வேண்டும் என்றும், பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகள் “ஏன்?” என்று கேட்பதைத் தடுக்காமல் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுகின்றோம்.