காற்றின் மீது பழி போடாதீர்கள்

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் பிப்ரவரி 12ஆம் தேதி நடந்த பெண்களுக்கான ஸ்னோபோர்டிங் ஸ்லோப்ஸ்டைல் இறுதிப் போட்டியில் மொத்தம் 50 ஓட்டங்கள். அவற்றில் 41 ஓட்டங்களில் வீராங்கனைகள் விழுந்தார்கள், அல்லது காற்றுக்கு அஞ்சித் தாவலைக் கைவிட்டு மெதுவாக இறங்கி வந்தார்கள். களத்தில் இருந்த 25 பேரும் ஏனோதானோவென்று வந்தவர்கள் அல்லர். உலகக் கோப்பைகளில் இதைவிடக் கடினமான வித்தைகளைச் சர்வசாதாரணமாகச் செய்துகாட்டியவர்கள். அவர்களை அடுத்தடுத்துப் பனியில் உருளவைத்துவிட்டு அதற்கு இறுதிப் போட்டி என்று பெயர் சூட்டிய சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கூட்டமைப்பு மௌனம் காக்கவில்லை. வாய் திறந்து சொன்ன பதில்தான் மௌனத்தைவிட மோசம். காற்றைத் தொடர்ந்து கண்காணித்தோம், நிலைமை பாதுகாப்பான வரம்புக்குள்தான் இருந்தது, வெளியில் நடக்கும் விளையாட்டு என்றால் இயற்கைக்கு ஏற்ப மாறிக்கொள்ளத்தான் வேண்டும் என்பது அதன் சாரம். எந்த வரம்பு? மணிக்கு எத்தனை கிலோமீட்டர்? சரிவின் எந்த இடத்தில், எந்த உயரத்தில் அளந்தது? விளக்கத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

ஸ்லோப்ஸ்டைல் எப்படிப்பட்ட ஆட்டம் என்று தெரிந்தால் இந்தப் பதிலின் பொறுப்பின்மை புரியும். சரிவின் மேல்பகுதியில் இரும்புக் கம்பித் தடைகள். அவற்றின் மீது சறுக்கிக் கடந்து வந்தால் கீழே வரிசையாக மூன்று பெரிய பனிமேடுகள். ஒவ்வொரு மேட்டிலிருந்தும் எம்பி, அந்தரத்தில் சுழன்று, அப்பாலுள்ள இறங்குசரிவில் கால் பதிக்க வேண்டும். மேட்டை எட்டும்போது இருக்கிற வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எதிர்க்காற்று அந்த வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டாலும் இறங்குசரிவை எட்ட முடியாது. மேட்டுக்கும் சரிவுக்கும் இடையிலுள்ள தட்டையான, இறுகிய பனியில் விழ வேண்டியதுதான். பக்கக்காற்று அடித்தால் காலடிப் பலகையே பாய்மரமாகி ஆளை இழுத்துச் செல்லும். விழும்போது ஸ்கீ கட்டைகள் காலைவிட்டுக் கழன்றுகொள்ளும். ஸ்னோபோர்டு கழலாது, இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டியபடிதான் விழுகிறார்கள். மேலே புறப்படும் நேரத்தில் அமைதியாக இருக்கும் காற்று மூன்றாவது மேட்டுக்கு வரும்போது என்ன செய்யும் என்பது புறப்படுகிறவருக்குத் தெரியாது. ஆஸ்திரிய வீராங்கனை அன்னா காசர் அன்றைய போட்டியைக் குலுக்கலோடு ஒப்பிட்டதில் மிகை ஏதும் இல்லை. பதக்க வாய்ப்புள்ளவர்களில் முன்னணியில் இருந்த அவர் 15ஆம் இடத்தில் முடித்தார்.

எச்சரிக்கை இல்லாமலா இது நடந்தது? முந்தைய நாள் நடக்கவேண்டிய தகுதிச் சுற்று இதே காற்றால்தான் ரத்தானது. அந்தச் சுற்றுக்கு முந்தைய பயிற்சியில் ஆஸ்திரேலியாவின் டெஸ் கோடியைக் கடைசி மேட்டில் காற்று தூக்கிப் போட்டது. முழங்கால் தசைநார் கிழிந்தது. 17 வயதுப் பெண்ணின் முதல் ஒலிம்பிக், போட்டி தொடங்கும் முன்பே முடிந்துபோனது. அதைப் பார்த்த பிறகும் நடுவர் குழு செய்தது என்ன? தகுதிச் சுற்றே இல்லாமல் அத்தனை பேரையும் இறுதிப் போட்டிக்கு அனுப்பியது. மூன்று ஓட்டங்களை இரண்டாகக் குறைத்தது. மறுநாள் போட்டியை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிவைத்துவிட்டு, காற்று ஓயாத நிலையிலேயே கொடியசைத்தது. விதிப்படி 12 பேர், ஆளுக்கு மூன்று ஓட்டம், மொத்தம் 36 என்று நடந்திருக்க வேண்டிய போட்டி 50 ஓட்டங்களாக நீண்டது. ஆபத்தான சரிவில் ஆட்களைக் கூட்டி, தவற்றைச் சரிசெய்ய ஒவ்வொருவருக்கும் இருந்த வாய்ப்பைக் குறைத்ததற்குப் பெயர் அனுசரிப்பா?

அந்த மூன்றாவது ஓட்டம் சாதாரண விஷயம் அல்ல. இதே சரிவில் முந்தைய நாள் நடந்த ஆண்கள் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ரெட் ஜெரார்ட் முதல் இரண்டு ஓட்டங்களிலும் தடுமாறினார். மூன்றாவதில் 87.16 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றார். பெண்களுக்கு விதித்த கணக்கை அவருக்கும் விதித்திருந்தால் பதக்க மேடைப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

தங்கம் வென்ற ஜேமி ஆண்டர்சன், வெள்ளி வென்ற லோரி புளூவன், வெண்கலம் வென்ற என்னி ருகாயார்வி மூவர் மீதும் நமக்கு எந்தக் குறையும் இல்லை. கடினமான வித்தைகளை ஒதுக்கிவைத்து, காற்று விட்ட இடைவெளியில் தன்னால் எது முடியுமோ அதைச் செய்து 83.00 புள்ளி பெற்ற ஆண்டர்சனின் நிதானம் அனுபவத்தின் விளைச்சல். புளூவனோ சில நாள்களுக்கு முன் பயிற்சியில் விழுந்து வீங்கிய முகத்தோடு போட்டிக்கு வந்தவர். அவர்களின் துணிச்சலை எடுத்து நிர்வாகிகள் தங்கள் முடிவுக்குக் கவசமாக்கிக்கொள்வதைத்தான் ஏற்க முடியாது.

விருப்பமில்லாதவர்கள் ஓடாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு வாதம் வரும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திறக்கும் கதவின் முன் நிற்பவரிடம், வேண்டாமென்றால் திரும்பிப் போ என்று சொல்வதைத் தெரிவுரிமை என்று அழைக்க மனம் வரவில்லை. போட்டியை நிறுத்தும் அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தாததன் விளைவை மட்டும் விளையாடுகிறவர் தலையில் கட்டுகிறார்கள்.

வேறு வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதே பிப்ரவரி 12 அன்று, அதே மலைப்பகுதியில், யோங்பியோங் சரிவில் நடக்கவேண்டிய பெண்கள் ஜயன்ட் ஸ்லாலம் ஸ்கீ போட்டியைக் காற்றைக் காரணம் காட்டி 15ஆம் தேதிக்கு மாற்றினார்கள். முந்தைய நாளே ஆண்கள் டவுன்ஹில் போட்டியும் அப்படித்தான் தள்ளிப்போனது. இவற்றையெல்லாம் நடத்துவது ஒரே கூட்டமைப்பு. தரையோடு தரையாகச் சறுக்குகிறவர்களுக்கு ஆபத்தான காற்று, அந்தரத்தில் சுழல்கிறவர்களுக்கு மட்டும் எப்படிப் பாதுகாப்பானது? பத்து நாள் கழித்து, கண்டனங்கள் குவிந்த பிறகு, பெண்கள் ஸ்னோபோர்டிங் பிக் ஏர் இறுதிப் போட்டியைக் காற்று வரும் என்ற முன்னறிவிப்பை மட்டும் வைத்து 23ஆம் தேதியிலிருந்து 22க்கு முன்கூட்டியே நகர்த்தினார்கள். அந்தப் போட்டியில் கடைசித் தாவலில் 96 புள்ளி எடுத்துத் தங்கத்தைத் தட்டிச் சென்றவர் அதே அன்னா காசர். அட்டவணை கல்வெட்டு அல்ல என்பது நிர்வாகிகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

காற்றை அளந்து போட்டி நடத்தத் தெரியாதவர்களா இவர்கள்? ஸ்கீ ஜம்பிங்கில் பச்சை விளக்கு எரிந்தால்தான் வீரர் புறப்பட முடியும். காற்று குறித்த வரம்பைத் தாண்டினால் அவரைத் திரும்ப அழைப்பார்கள். எதிர்க்காற்றோ பின்காற்றோ அவருக்குத் தந்த சாதக பாதகத்தைப் புள்ளிகளில் கழித்தும் கூட்டியும் கொள்வார்கள். அதையும் நடத்துவது இதே கூட்டமைப்புதான். கருவியும் அனுபவமும் கையில் இருந்தும் ஸ்னோபோர்டிங்குக்குக் கொண்டுவரவில்லை என்றால், அது அக்கறையின்மை.

பியோங்சாங்கின்போதே இந்த அக்கறையின்மைக்கு வயது இருபது. ஸ்னோபோர்டிங்கை 1998 நாகானோ ஒலிம்பிக்கில் சேர்த்தபோது, அந்த விளையாட்டுக்காரர்களின் சொந்த அமைப்பை ஒதுக்கிவிட்டு, ஸ்கீக்காரர்களின் கூட்டமைப்பிடம் அதை ஒப்படைத்தது சர்வதேச ஒலிம்பிக் குழு. அதை எதிர்த்து, அன்று உலகின் மிகச் சிறந்தவராகக் கருதப்பட்ட நார்வேயின் டெரியே ஹோகன்சன் நாகானோவுக்கே போகவில்லை. ஸ்னோபோர்டுக்காரர்களின் அமைப்பு 2002இல் மூடப்பட்டது. கேட்காமலே பொறுப்பைக் கைப்பற்றியவர்கள், இன்று பொறுப்பு என்றதும் இயற்கையைக் கைகாட்டுகிறார்கள்.

கொரியாவில் போட்டிக்குக் குறித்த காலை 10 மணி, நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு 8 மணி. அமெரிக்கத் தொலைக்காட்சி அதிகம் பார்க்கப்படும் நேரம். ஒளிபரப்புக்காகத்தான் போட்டியை நடத்தினார்கள் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. அதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை. ஆனால் 2014 முதல் 2020 வரையிலான நான்கு ஒலிம்பிக்குகளுக்கு 438 கோடி டாலர் கொடுத்த அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் மறுமுனையில் இருக்கும்போது, அந்தச் சந்தேகத்தைப் போக்கும் கடமை கூட்டமைப்புக்கு உண்டு. அதற்கு முதல் படியாக, பிப்ரவரி 11, 12 இரு நாள்களிலும் சரிவில் பதிவான காற்றளவுகளையும் நடுவர் குழுக் கூட்டக் குறிப்புகளையும் முழுமையாக வெளியிட வேண்டும்.

அத்தோடு முடியவில்லை. ஒவ்வொரு தாவல் மேட்டிலும் காற்றுமானி வைத்து, எந்த அளவைத் தாண்டினால் போட்டி நிற்கும் என்பதை எண்ணால் எழுதிய விதியாக்க வேண்டும். நிறுத்தும் முடிவில் போட்டியாளர்களின் பிரதிநிதிக்கு வாக்கு வேண்டும். கருத்துக் கேட்டுத் தலையாட்டும் சடங்கு போதாது. வெளியரங்கப் பனித்தாவல் போட்டி ஒவ்வொன்றுக்கும் மாற்று நாள் ஒதுக்காத அட்டவணையை ஒலிம்பிக் குழு ஏற்கக் கூடாது. தகுதிச் சுற்றை ரத்து செய்து, ஓட்டங்களையும் குறைத்து ஒரே நாளில் பதக்கம் வழங்கும் குறுக்குவழியை அடியோடு நீக்க வேண்டும். அடுத்த குளிர்கால ஒலிம்பிக்குக்கு அட்டவணை போடும் முன்பே இவை விதிப்புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்பாக, டெஸ் கோடியிடமும், அன்று மேலே குளிரில் காத்திருந்த 25 பேரிடமும் கூட்டமைப்பு மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுத்தில், பெயர் சொல்லி.