விரலில் மை வைத்தால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி எழுதியிருந்தான்: "சார் எப்பப் பார்த்தாலும் சோசலிசம்ங்கிறார். அங்க ஏது ஜனநாயகம்? ஒழுங்கா தேர்தல் நடத்துற நாடுதான் ஜனநாயக நாடு." கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். அவனுக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவன் நான். பதில் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தேர்தலை நான் மட்டமாகப் பேசமாட்டேன். பணியில் இருந்தவரை எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து விரலுக்கு மை வைத்தவன். நிலக்காரர் விரலுக்கும், அவர் வயலில் நாற்று நடும் பெண்ணின் விரலுக்கும் ஒரே மை. அது சாதாரண விஷயமில்லை. இந்த உரிமையை யாரும் தானமாகவும் தரவில்லை. 1838இல் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் மக்கள் சாசனம் எழுதி, வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு வேண்டும், ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் பலர்.

என் கேள்வி தேர்தலுக்கு மறுநாளைப் பற்றியது.

பனியன் கம்பெனியில் வேலை செய்யும் நம் மாணவி ஒருத்தி பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஓட்டுப் போட சம்பளத்தோட லீவு விடுறாங்க சார். பாத்ரூம் போறதுக்குத்தான் டோக்கன் வாங்கணும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாட்டை ஆள்வது யார் என்று தீர்மானிக்கத் தகுதியுள்ளவள், தன் உடம்பின் அவசரத்தைத் தீர்மானிக்கத் தகுதியில்லாதவளா? ஐந்து ஆண்டுக்கு ஒரு நாள் குடிமகள், மற்ற நாளெல்லாம் கைகட்டி நிற்பவள் என்றால் அதற்குப் பெயர் என்ன?

இதைத்தான் சோசலிஸ்டுகள் கேட்டார்கள். எங்கெல்லாம் முடிவுகள் நம் வாழ்க்கையைத் தொடுகின்றனவோ, அங்கெல்லாம் நமக்குக் குரல் வேண்டும். தொழிற்சாலையில், வயலில், ஊர்ப் பணத்தைச் செலவு செய்யும் இடத்தில்.

"அப்படியானால் ரஷ்யாவில் நடந்தது?" என்று கேட்பாய் தம்பி. கேட்க வேண்டிய கேள்விதான். 1918 ஜனவரியில் மக்கள் வாக்களித்து உருவான அரசியல் நிர்ணய சபையை போல்ஷ்விக்குகள் கலைத்தார்கள். அந்தப் புரட்சியை வரவேற்ற ரோசா லக்சம்பர்க்கே, ஜெர்மனியில் சிறையில் இருந்துகொண்டு அதைக் கண்டித்து எழுதினார். மாற்றுக் கருத்துக்காரனுக்கு இல்லாத சுதந்திரம் சுதந்திரமே அல்ல என்பது அவர் வாதம். அந்த அம்மையார் சோசலிஸ்ட் இல்லையா?

இன்னொன்றையும் கவனி. சோவியத் நாட்டிலும் தேர்தல் நடந்தது! பிற்காலத்தில் வாக்குப்பதிவு 99 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் வாக்குச்சீட்டில் ஒரே ஒரு பெயர். தேர்தல் நடப்பது மட்டுமே ஜனநாயகம் என்றால் அதையும் நீ ஒப்புக்கொள்ள வேண்டிவரும். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

1871இல் பாரிஸ் கம்யூன் 72 நாள்தான் நீடித்தது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை, மக்கள் நினைத்தால் திரும்ப அழைக்கலாம் என்பது கொள்கை. அதிகாரிகளின் ஆண்டுச் சம்பளத்துக்கு 6000 பிராங்க் என்று உச்சவரம்பு. முதலாளிகள் விட்டுவிட்டு ஓடிய பட்டறைகளைத் தொழிலாளர் கூட்டுறவுகளிடம் ஒப்படைக்க ஆணை. குறையும் இருந்தது: பெண்களுக்கு வாக்கு இல்லை. ஆனாலும் திரும்ப அழைக்கும் அந்த உரிமையை நினைத்துப் பார். நம் எம்.எல்.ஏ.வை ஐந்தாண்டுக்குள் திரும்ப அழைக்க இன்றுவரை நமக்கு வழி இல்லை.

பாரிஸ் தூரம் என்றால் பக்கத்தில் வா. 1950களின் பின்பகுதியில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது வேலையிழந்த ஊழியர்கள், ஏ.கே. கோபாலன் தந்த ஊக்கத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய இந்தியன் காபி ஹவுஸ். திருச்சூரில் விசிறித் தலைப்பாகையோடு உனக்குக் காபி கொண்டுவருபவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினராக இருப்பார். நிர்வாகக் குழுவுக்கு ஓட்டுப் போடுபவராக இருப்பார். அங்கே சண்டை சச்சரவே இல்லை என்று சொல்லவில்லை. சண்டை போடும் உரிமை அவருக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊராட்சிகளில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். ஊராட்சியின் வரவு செலவைக் கேட்க அங்கே எல்லோருக்கும் உரிமை உண்டு. நான் என்ன செய்தேன்? "வாத்தியாரே, ஆள் கணக்குக் குறையுது, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நோட்டு என் வீட்டுத் திண்ணைக்கே வரும். கண்ணாடியைக்கூடத் தேடாமல் போட்டிருக்கிறேன், பல வருஷம். வகுப்பில் குடிமையியல் பாடம் நடத்திய அதே கைதான். ஜனநாயகத்தைக் கொன்றவர்கள் பட்டியலில் சர்வாதிகாரிகளை மட்டும் எழுதினால் போதாது. என்னைப் போன்றவர்களையும் எழுத வேண்டும்.

அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டை நீடிக்கவிட்டால் அரசியல் ஜனநாயகமே ஆபத்தில் விழும் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். அவர் குறிப்பிட்ட முரண்பாடுதான் அந்தப் பெண் கையில் இருக்கும் டோக்கன்.

போன அக்டோபர் 2 அன்று முதல்முறையாகக் கிராம சபையில் முழுநேரமும் உட்கார்ந்து தெருவிளக்குக் கணக்கைக் கேட்டேன். சிலருக்குக் கோபம். இரண்டு பாட்டிகள் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மே 1 அன்று மறுபடி போகிறேன். ஊரில் இருப்பவர்கள் வாருங்கள். கம்பெனிகளில் இருப்பவர்கள், உங்கள் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் உள்ள குழு இருக்கிறதா, அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

தம்பி, உன் மேல் கோபமில்லை. மறுத்து எழுது. காரசாரமாகவே எழுது, எழுத்துப்பிழை மட்டும் வேண்டாம்.