முதல் பிடி அரிசி யார் போடுவது?

மார்கழி பாதி தாண்டிவிட்டது. அரையாண்டு விடுமுறைக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மாடியில் இருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

ஜனவரி 15 பொங்கல். நல்ல நாள் பக்கத்தில் வரும்போது இதையெல்லாம் எதற்கு டீச்சர் எழுதுகிறீர்கள் என்று சிலர் கேட்பீர்கள். இப்போது எழுதாமல் சித்திரையில் எழுதி என்ன பயன்?

விஷயம் இதுதான். கணவனை இழந்த பெண் பொங்கல் அடுப்பைப் பற்ற வைக்கக்கூடாது, பானையில் முதல் அரிசி போடக்கூடாது என்று நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் இன்னும் ஒரு வழக்கம் இருக்கிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த நேரத்தில் அந்த அம்மா தானாகவே தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். இந்தத் தையோடு அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் ரிஷிவந்தியம் பக்கத்தில் பொங்கல் எப்படி என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மார்கழி முழுக்க வாசலில் கோலம் போட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூ செருகி வைப்போம். அந்த உருண்டைகளைத் தட்டி எருவாகக் காயவைத்து எடுத்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பொங்கல் அடுப்பில் முதலில் எரிவது அதுதான். போகிக்கு வீட்டை மெழுகி, கூரைப்பூவும் வேப்பிலையும் ஆவாரையும் வாசலில் செருகுவோம். பொங்கலன்று வாசலில் கல் கூட்டி, புதுப்பானைக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டி ஏற்றுவோம். பால் பொங்கி வழிந்ததும் ஒரு பிடி அரிசி. பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு கத்துவார்கள். மொச்சை, அவரை, பூசணி, கருணைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி எல்லாம் போட்ட குழம்பு வாசனை மூன்று வீடு தள்ளி வரும். மறுநாள் மாட்டுப் பொங்கல். இப்போது மாடு இருக்கும் வீடு குறைந்துவிட்டது. எங்கள் தெருவில் இரண்டு வருஷமாக ஒரு தம்பி டிராக்டருக்கு மாலை போட்டுப் பொட்டு வைக்கிறார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, உழுவது அதுதானே.

இவ்வளவு வேலையில் ஒதுக்கி வைக்கப்பட்ட பெண்ணின் பங்கு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். எரு தட்டியது அவர். அரிசி புடைத்தது அவர். வெல்லம் நுணுக்கியது, மொச்சை உரித்தது, வாசல் மெழுகியது எல்லாம் அவர். அந்த ஒரு பிடி அரிசிக்கு மட்டும் அவர் கை ஆகாது.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் 2013-ல் காலமானார். என் மாமியார் அதற்கு முன்பே தனியானவர். துக்க வருஷம் முடிந்து அடுத்த பொங்கல் வந்தபோது வீட்டில் பெண்கள் என்று இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, மகனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த மருமகளை அத்தை கூப்பிட்டு வந்தார். பாவம், அந்தப் பெண்ணுக்கு விறகடுப்பே பழக்கமில்லை. சேர்த்து முப்பது நாற்பது வருஷம் பொங்கல் வைத்த இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து, "தீயைக் குறை, கிண்டு, கிண்டு" என்று கத்திக்கொண்டிருந்தோம். பொங்கல் நன்றாக அடிப்பிடித்துவிட்டது. சூரியனுக்குக் கருகல் வாசனையோடுதான் படைத்தோம்.

அடுத்த வருஷம் அத்தையே சொன்னார்: "நீயே வைம்மா. தீஞ்சதைச் சாமிக்குப் படைக்கறதுக்கு இது தேவலாம்."

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் புரட்சி இப்படித்தான் நடந்தது. நான் பால் ஊற்றினேன். அரிசியை அத்தை கையில் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒரு முறை சொன்னார், இரண்டாம் முறை சொல்லவில்லை. அதன் பிறகு அவர் இருந்தவரை எல்லாப் பொங்கலுக்கும் முதல் பிடி அவர் போட்டதுதான். இப்போது நானும் மருமகளும் சேர்ந்து போடுகிறோம்.

பணியில் இருந்தபோது பார்த்த ஒன்று. பள்ளியின் பெயர் வேண்டாம். விடுமுறை விடுவதற்கு முந்தின நாள் பள்ளிகளில் சமத்துவப் பொங்கல் வைப்போம் இல்லையா, அப்போது நடந்தது. எங்கள் சத்துணவு சமையலர் கணவனை இழந்தவர். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே அந்த வேலைகளில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை உண்டு. வருஷம் முழுக்க அந்த அம்மா கையால் ஆக்கிப் போட்டதைத்தான் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பால் பொங்கும் நேரத்தில், "அரிசி போட ஒரு சுமங்கலி வாங்க" என்று ஒரு குரல் வந்தது. அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். பெயர் சமத்துவப் பொங்கல்! நான் அரிசித் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் பாட்டுக்குக் கத்தினார்கள்.

ரேஷன் கடையிலும் இதே வேடிக்கைதான். 2025 பொங்கலுக்கு ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு கொடுத்தார்கள். கணவர் இல்லாத வீட்டில் அட்டையில் குடும்பத் தலைவி அந்தப் பெண்தான். வரிசையில் நின்று அரிசியை வாங்கி வருபவர் அவர். வீட்டு வாசல் வந்ததும் அந்த அரிசியைப் பானையில் போடுகிற தகுதி போய்விடுகிறதா?

சாஸ்திரம் என்பார்கள். மற்ற சடங்குகளுக்கு நான் வரவில்லை. கல்யாணம் என்றால் ஐயர் இருக்கிறார், மண்டபம் இருக்கிறது, இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், ஒருவர் நினைத்து எதையும் மாற்ற முடியாது. பொங்கல் அப்படியா? மந்திரம் கிடையாது, புரோகிதர் கிடையாது, கோயிலுக்குப் போக வேண்டியதில்லை. நம் வாசல், நம் அடுப்பு, மேலே சூரியன். சூரியன் யார் வீட்டில் யார் அரிசி போட்டார் என்று பார்த்துக் காய்வதில்லை. நமக்குத் தெரிந்த பண்டிகைகளில் முழுக்க முழுக்க வீட்டுக்காரர்கள் கையில் இருப்பது இது ஒன்றுதான். அதனால் இதை மாற்ற ஊர்க் கூட்டமும் வேண்டாம், போராட்டமும் வேண்டாம். ஒரு வீட்டில் ஒரு மாமியாரோ ஒரு மருமகளோ ஒரு மகனோ நினைத்தால் போதும்.

தை 5-ம் நாள் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். சுற்றுவட்டாரமே மணலில்தான் இருக்கும். சுருளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். அங்கே தண்ணீரில் இறங்கும் பெண்ணிடம் உனக்குப் புருஷன் இருக்கிறாரா என்று யார் கேட்கிறார்கள்? சாமியோடு சேர்ந்து ஆற்றில் முழுகலாம், சொந்த வாசலில் பால் பொங்குவதைக் கிட்டே நின்று பார்க்கக்கூடாது என்றால் என்ன கணக்கு இது?

ஒரு வருஷத் துக்கத்தை நான் குறை சொல்லவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை இல்லை, பங்காளிகளும் செய்ய மாட்டார்கள். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. இறந்தவருக்காக எல்லோரும் சேர்ந்து நிறுத்தி வைக்கிறார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து தொடங்குகிறார்கள். அண்ணன் தம்பிக்குத் துக்கம் ஒரு வருஷத்தில் தீர்கிறது. பிள்ளைகளுக்குத் தீர்கிறது. மனைவிக்கு மட்டும் சாகும் வரை முடிவு தேதி கிடையாது. மனைவியை இழந்த ஒரு உறவுக்காரரை எனக்குத் தெரியும். மறு வருஷமே மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்தார், முன்னால் நின்று தேங்காய் உடைத்தார். அவரை யாரும் தோட்டத்துப் பக்கம் போகச் சொல்லவில்லை. அடுத்த கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களைத் தடுப்பது ஆண்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் பெண்கள்தான், அதிலும் வயதானவர்கள். இன்னும் உள்ளே போய்ப் பார்த்தால், தடுப்பது பயம். "நீங்களே போடுங்கம்மா" என்று சொன்னாலும் அந்த அம்மா கையை இழுத்துக்கொள்வார். ஏன்? மாசியில் பேரனுக்குக் காய்ச்சல் வரும். பங்குனியில் யாராவது வண்டியில் விழுவார்கள். வீடு என்றால் வருஷத்துக்கு ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும். அன்றைக்கு எல்லார் கண்ணும் தன் கையைப் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் ஒதுங்குவது பக்தியால் அல்ல, அந்தப் பழிக்குப் பயந்து. ஆகையால் அவரைத் தைரியமாக முன்னே வரச் சொல்வது நியாயம் இல்லை. மகனும் மருமகளும்தான் கூப்பிட வேண்டும், ஒரு முறைக்கு மூன்று முறை. பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், பேச்சு அம்மா பக்கம் திரும்பக் கூடாது.

சட்டம் நம் பக்கம்தான். ஈரோடு மாவட்டத்தில் ஒரு கைம்பெண்ணைக் கோயில் திருவிழாவுக்கு வரவிடாமல் தடுத்த வழக்கில், 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்துத் தீர்ப்புச் சொன்னது. மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் என்ற கிராமம் 2022 மே மாதம், கணவன் இறந்தால் வளையல் உடைப்பது, பொட்டு அழிப்பது எதுவும் கூடாது என்று தீர்மானமே போட்டது. பிறகு மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றலாம் என்று அந்த மாநில அரசு சொன்னது. ஆனால் கோர்ட்டு ஆர்டரை எடுத்துக்கொண்டு வாசல் அடுப்புக்கு முன்னால் நிற்க முடியுமா? சகோதரி சுப்புலட்சுமி சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். 1911-ல் பட்டம் பெற்று, இளம் கைம்பெண்களைச் சென்னையில் தங்கவைத்துப் படிக்கவைத்து ஆசிரியைகள் ஆக்கினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் வகுப்பறைக்குள் வந்துவிட்டார்கள். நான் டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்தபோது கூட அப்படிப்பட்ட மூத்த டீச்சர்கள் இருந்தார்கள். அவர்களிடம்தான் வேலை கற்றுக்கொண்டேன்.

(கைம்பெண் என்று எழுதினால் சொல்லிலேயே இரண்டு பொட்டு இருக்கிறது, விதவைக்கு ஒரு பொட்டும் இல்லை என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தமிழ் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.)

அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் சீரை நிறுத்தாதீர்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் சில பேர், அக்கா புருஷன் போனதும் சீரை விட்டுவிட்டார்கள். சிலர் அரிசி, வெல்லம், கரும்பு கொண்டுவந்து வைத்துவிட்டு மஞ்சள் கொத்தை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். என் அண்ணன் ஒரு வருஷம்கூட அப்படிச் செய்ததில்லை. ஒன்றும் பேசமாட்டார், மஞ்சள் கொத்தைப் பையின் மேலேயே தெரிகிற மாதிரி வைத்துக் கொண்டுவருவார். வயசு எழுபதுக்கு மேல் ஆகிறது, இன்னும் பஸ் ஏறித்தான் வருகிறார்.

இதை இந்த வருஷம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் மாவட்டம் 2019-ல்தான் தனியாகப் பிரிந்தது. அதற்குள் கள்ளக்குறிச்சி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2024 ஜூன்தான் நினைவுக்கு வருகிறது. கருணாபுரத்திலும் சுற்றிலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். சில நாட்களில் எத்தனை பெண்கள் தனியாக நின்றார்கள்! பலர் சின்ன வயசு, பள்ளி போகிற பிள்ளைகள் உள்ளவர்கள். 2025 பொங்கல் அவர்களுக்குத் துக்க வருஷத்தில் போய்விட்டது. 2026 பொங்கல்தான் துக்கம் முடிந்து வரும் முதல் பொங்கல்.

அந்த வீடுகளில் மாமியார், நாத்தனார் என்று கூட ஆள் இல்லாத வீடும் இருக்கும். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் இருக்கிற வீடு. அம்மா கை ஆகாது என்றால் அங்கே பானையே ஏறாது. அப்பா போன பிறகு நம் வீட்டில் பொங்கல் கிடையாது என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வளர வேண்டுமா? அப்பாவுக்குப் படையல் போடுகிறார்கள், அவருக்குப் பிடித்ததை வைக்கிறார்கள். எது பிடிக்கும் என்று அந்த அம்மாவைக் கேட்காமல் யாருக்குத் தெரியும்?

உங்கள் தெருவில், உங்கள் உறவில் அப்படி ஒரு வீடு இருக்கும். பொங்கலன்று காலையில் போய் நில்லுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் அரிசி போட்டுவிடாதீர்கள், அது பழைய கதையாகிவிடும். அவர் போடட்டும். பிள்ளைகளோடு சேர்ந்து தட்டைத் தட்டிக் கத்துகிற வேலையை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒரு மஞ்சள் கொத்து எடுத்துக்கொண்டு போங்கள். வாங்க மனசு வராமல் அவர் வாங்காமல் விட்டிருப்பார்.