பச்சை கரண்டும் பொதுத் தொட்டியும்

போன வாரம் கரண்ட் பில் வந்துச்சு. வழக்கமா தொகையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுட்டு மூடி வெச்சுடுவேன். இந்த தடவை தங்கமணி முழுசா படிச்சுட்டாங்க. "நூறு சதவீதம் பச்சை கரண்டுன்னு தனியா காசு எடுக்கறாங்களே, நமக்குன்னு தனிக் கம்பியா வருது? பக்கத்து வீட்டுக்கும் இதே கம்பிதானே?" நான் முழிச்சேன். ரெண்டு நாள் உக்காந்து படிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு.

கலிஃபோர்னியாவுல 2000-01ல் மின்சாரச் சந்தை குப்புற விழுந்து பல ஊர் இருட்டுல உக்காந்துச்சு. அதுக்கப்புறம் 2002ல் ஒரு சட்டம் வந்தது. நகராட்சிகளும் கவுன்ட்டிகளும் தங்கள் மக்களுக்காக மின்சாரத்தை மொத்தமா வாங்கலாம். கம்பி, மீட்டர், பில் எல்லாம் பழைய கம்பெனியோடது. கொள்முதல் மட்டும் இவங்க. நாலு குடும்பம் சேர்ந்து மொத்தக் கடையில அரிசி மூட்டை வாங்கற மாதிரின்னு வெச்சுக்குங்க. 2010ல் மரீன் கவுன்ட்டி முதல்ல ஆரம்பிச்சது. வேண்டாம்னு நாமளா சொல்லாத வரைக்கும் நாம உள்ளேதான்.

சரி, தங்கமணி கேள்விக்கு வருவோம். தனிக் கம்பி கிடையாது. ஊர்ப் பொதுத் தொட்டியில நீங்க ஒரு குடம் நல்ல தண்ணி ஊத்தறீங்க, ஒரு குடம் எடுத்துக்கறீங்க. ஊத்தின தண்ணியேதான் உங்க குடத்துக்கு வரும்னு சொல்ல முடியாது. ஆனா தொட்டியில நல்ல தண்ணி கூடியிருக்கு. அவ்ளோதான் கணக்கு.

இங்கதான் உஷாரா இருக்கணும். ஆயிரம் யூனிட் பச்சை மின்சாரத்துக்கு ஒரு சான்றிதழ் உண்டு. அதை மின்சாரத்துலேர்ந்து பிரிச்சு தனியாவும் விக்கலாம். எங்கயோ ஏற்கனவே ஓடிட்டு இருக்கற காற்றாலையோட காகிதத்தை மலிவா வாங்கி ஒட்டினா, தொட்டியில புதுசா ஒரு சொட்டு கூட சேரலை. மரீன்காரங்களும் ஆரம்பத்துல இந்தக் காகிதத்தை நிறைய நம்பினதுக்குத் திட்டு வாங்கினாங்க. முதல்ல அவங்களுக்கு மின்சாரம் சப்ளை பண்ணினது எண்ணெய்க் கம்பெனியான ஷெல்லோட கிளை!

பிறகு மாறினாங்க. ரிச்மண்ட்ல செவ்ரான் சுத்திகரிப்பு ஆலைக்குச் சொந்தமான நிலத்துலயே 10.5 மெகாவாட் சோலார் வந்தது. பத்து, இருபது வருஷ ஒப்பந்தம் கையில இருந்தாதான் புது ஆலைக்கு பேங்க் கடன் கொடுக்கும். அதனாலதான் 2021லேர்ந்து, கட்டாயமா வாங்க வேண்டிய பச்சை மின்சாரத்துல 65 சதவீதம் குறைஞ்சது பத்து வருஷ ஒப்பந்தத்துல வரணும்னு சட்டமே இருக்கு.

நம்ம மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006லேயே சேமிப்பையும் கடனையும் போட்டு 350 கிலோவாட் காற்றாலை வாங்கினாங்களே, அதுவும் வேற இடத்துலதான் நிக்குது. மின்வாரியக் கம்பிதான் கணக்கை நேர் பண்ணுது. ஆனா காத்தாடி நிஜம்! அதான் விஷயம்.

இன்னொரு வில்லங்கம், சாயங்காலம். வருஷக் கணக்குல நூறு சதவீதம் வந்துடும். ஆனா ராத்திரி எட்டு மணிக்கு ஏது வெயில்? பேட்டரி இல்லாட்டி அந்த நேரத்துக்கு எரிவாயுதான் பெரும்பாலும் கை கொடுக்கும். பெனின்சுலா க்ளீன் எனர்ஜி மாதிரி சில அமைப்புகள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பொருந்தற மாதிரி வாங்கணும்னு இலக்கு வெச்சது இதனாலதான். என்னைக் கேட்டா இதுதான் நேர்மையான கணக்கு.

முடிவு? விலகப் போறதில்லை. இந்த அமைப்புகளோட கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது, யார் வேணா பேசலாம். அடுத்த கூட்டத்துக்குப் போய் ரெண்டே கேள்வி: என் காசுல புதுசா என்ன கட்டினீங்க? ராத்திரி எட்டு மணிக்கு என்ன பண்றீங்க?

இதையெல்லாம் வீட்ல விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப நாளைலேர்ந்து துணியை மத்தியான வெயில்லயே மெஷின்ல போட்டுடுங்க, வீட்லேர்ந்துதானே வேலை பாக்கறீங்க"ன்னு சொல்லிட்டாங்க.

தேவையா எனக்கு?