கடைசி நாள் கணக்கு



விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மகனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்திருக்கின்றன. ஒன்று அம்பத்தூரில் ஒரு நடுத்தர நிறுவனம், பர்மனென்ட். இன்னொன்று ஓ.எம்.ஆரில் ஒரு பன்னாட்டு வங்கியின் மையம். உட்காரும் இடம் வங்கியில், கழுத்தில் தொங்கும் அட்டையும் வங்கியுடையது; சம்பளம் போடுவது மட்டும் நடுவில் இருக்கும் ஒரு ஏஜென்சி. பதினோரு மாத கான்ட்ராக்ட். "வேலையைப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துக்கொள்வோம்" என்று வாய்வார்த்தை. "வெளிநாட்டு வேலை இன்று இங்கே வருகிறது, நாளை இங்கிருந்து வேறெங்கோ போய்விடும் என்கிறார்கள். அப்படியிருக்க பர்மனென்ட் என்று ஒன்று இருக்கிறதா, ஐயா?" என்று கேட்கிறார்.

பர்மனென்ட் வேலையும் போகும். அதில் சந்தேகமே வேண்டாம். போகிற அன்று கையில் என்ன கிடைக்கிறது, யாரிடம் போய்க் கேட்கலாம் என்பதில்தான் இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும். அதைக் காட்ட நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ஆனால் அது ஜெர்மனியில் தொடங்குகிறது.

2008 ஜனவரியில், போஹும் நகரத்தில் இருந்த தன் கைபேசி ஆலையை மூடப்போவதாக நோக்கியா அறிவித்தது. நிறுவனம் நல்ல லாபத்தில் இருந்த நேரம். ஜெர்மானியச் சம்பளம் கட்டுப்படியாகவில்லை, ருமேனியாவில் மலிவு, அவ்வளவுதான். ஊரே தெருவுக்கு வந்தது. கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கேட்டது மாநில அரசு. மத்திய அமைச்சர் ஒருவர் இனி நோக்கியா போன் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். ஆலை மூடியதென்னவோ மூடியதுதான். ஆனால் தொழிற்சங்கம் மாதக்கணக்கில் பேசி, 2,300 நிரந்தரப் பணியாளர்களுக்காக 20 கோடி யூரோ இழப்பீட்டுத் திட்டம் ஒன்றைப் பெற்றது. அதே ஆலையில் ஏஜென்சிகள் வழியாக வந்த சுமார் ஆயிரம் பேரும் வேலை பார்த்தார்கள். பத்திரிகைச் செய்திகளில் அவர்கள் பெரும்பாலும் கடைசி வரியில்தான் வந்தார்கள்.

ருமேனியாவில் க்ளூஜ் நகருக்குப் பக்கத்தில் ஜூகு என்ற ஊரில் புது ஆலை எழும்பியது. அதன் ஆயுள் எவ்வளவு? 2011இல் அதையும் மூடுவதாக அறிவிப்பு வந்தது. உற்பத்தியை ஆசியாவுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். அங்கே சுமார் 2,200 பேர்.

ஆசியா என்றால் அதில் நாமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இலேயே ஆலை ஓடத் தொடங்கியிருந்தது; உலகத்தின் மிகப் பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. விடியுமுன்னே கிராமத்து முனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் ஏறிப்போவார்கள். அந்தச் சம்பளத்தில் தம்பி படித்தான், வீட்டுக்குத் தளம் போட்டார்கள், நகை மீண்டது. போஹும் மூடியபோது நம் பக்கத்துப் பத்திரிகைகளில் யார் அதைப் பற்றி எழுதினார்கள்? நமக்கு வேலை வருகிறது என்ற சந்தோஷத்தில் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. தப்பென்று சொல்லமாட்டேன். பசித்தவன் இலையில் சோறு விழும்போது அடுத்த பந்தியை எட்டிப் பார்ப்பதில்லை.

2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் நின்றது. நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியிருந்தது. வரி வழக்குகளில் சிக்கியிருந்த இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்டுக்காகவே ஒப்பந்தத்தில் போன் செய்துகொடுத்தார்கள். ஆலையே ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தம் முடிந்ததும் ஆலையும் முடிந்தது. நிரந்தரத் தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது, விருப்ப ஓய்வுத் திட்டம் இருந்தது, இழப்பீட்டைப் பேசி முடிக்க ஒரு மேசை இருந்தது. கேன்டீனிலும் சரக்கு ஏற்றும் இடத்திலும் கான்ட்ராக்டில் இருந்தவர்களுக்கு? "நாளைக்கு வரவேண்டாம்" என்று மேஸ்திரி சொல்வதுதான் அவர்களுக்கு நோட்டீஸ். எந்தத் தொழிற்பேட்டையிலும் இதுதான் வழக்கம்.

பணம் கிடைத்தவர்கள் பாடும் சுகமில்லை. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிலேயே பக்கத்து ஆலைகள் அவர்களைத் தயங்கித்தான் பார்த்தன. பதினெட்டு வயதில் புதிதாக டிரெயினி கிடைக்கும்போது, சங்கம் பார்த்த, கல்யாணமான பெண்ணை யார் எடுப்பார்கள்? இழப்பீடு அந்த இடைவெளியைக் கடக்க உதவியது. அதுவும் இல்லாதவர்கள் கடன் வாங்கிக் கடந்தார்கள்.

இனி சட்டம். 1981இல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது: 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளி நிரந்தரம். நல்ல சட்டம். அன்றிலிருந்து 480ஐ எட்டவிடாமல் பார்த்துக்கொள்வதே ஒரு தனிக் கலையாக வளர்ந்துவிட்டது. நடுவில் பத்து நாள் பிரேக், பிறகு புது ஆர்டர். அல்லது கான்ட்ராக்டர் பெயர் மாறும். அதே ஆள், அதே மிஷின், அதே ஷிஃப்ட். பதிவேட்டில் மட்டும் அவருக்கு அன்று முதல் நாள். தலைமையாசிரியரின் மகனுக்குப் பதினோரு மாதம் என்று போட்டிருப்பதிலும் இந்தக் கலையின் வாசனை அடிக்கிறது. ஒரு வேலையில் கான்ட்ராக்ட் முறையையே அரசு தடைசெய்தாலும் அதில் இருந்தவர்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று 2001இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பர்மனென்ட் ஆளை ஆட்குறைப்பில் அனுப்ப வேண்டுமானால் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்று தொழில் தகராறு சட்டம் 1953 முதலே வழி வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் ஆலையை மூடவோ ஆட்களைக் குறைக்கவோ அரசிடம் முன்அனுமதி கேட்கவேண்டிய வரம்பை 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்திவிட்டார்கள். குறித்த காலத்துக்கு நேரடியாக எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி என்பது புதிதாக வந்த நல்ல விஷயம். "நேரடியாக" என்ற இடத்தில் அழுத்திப் படியுங்கள். ஏஜென்சி வழியாகப் போகிறவர் கணக்கு வேறு.

சட்டம் இருந்தும் ஐ.டி. நிறுவனங்களில் பர்மனென்ட் ஆட்கள் எப்படி வெறுங்கையோடு வெளியே வருகிறார்கள்? அங்கே யாரும் ஆட்குறைப்பு செய்வதே இல்லை. எல்லோரும் "ராஜினாமா" செய்கிறார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தவரை எச்.ஆர். அழைப்பார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வாங்க என்பார். "நீங்களே பேப்பர் போட்டுட்டா ரிலீவிங் லெட்டர் நல்லபடியா வரும். நாங்க அனுப்பினா அடுத்த கம்பெனியில கேள்வி வரும், பாத்துக்குங்க." குரலில் அத்தனை கரிசனம். பத்து வருட வேலைக்குரிய பாதுகாப்பு ஒரு கையெழுத்தில் போய்விடும். அந்த அறையில் யாராவது உங்களை உட்காரவைத்தால் தயவுசெய்து அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். மின்னஞ்சலில் கேளுங்கள் என்று சொல்லுங்கள்.

கேட்டால் நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2015 ஜனவரியில், பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று வேலையைவிட்டு அனுப்பிய கர்ப்பிணி ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். நிறுவனம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஏஜென்சி ஆளாக இருந்திருந்தால் அவர் யார் மேல் வழக்குப் போடுவது என்பதிலேயே பாதி நாள் போயிருக்கும். வங்கி "எங்கள் ஊழியர் இல்லை" என்னும். ஏஜென்சி "வங்கி வேண்டாம் என்றது, நாங்கள் என்ன செய்ய" என்னும்.

கான்ட்ராக்டுக்கு ஒரு நியாயமும் உண்டு. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ தனித்திறன் உள்ள மென்பொருள் கான்ட்ராக்டர், பர்மனென்ட் ஆளைவிட நாள்கூலி அதிகம் கேட்பார். ஆபத்தைச் சுமப்பவருக்கு அதற்குரிய காசு. நம்மூரில் பெரும்பாலும் தலைகீழ்: ஆபத்தும் அவருடையது, சம்பளமும் பக்கத்து நாற்காலியைவிடக் குறைவு. இடையில் ஏஜென்சியின் பங்கு வேறு. (பத்திரிகை அலுவலகங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பக்கக் கணக்கில் புரூஃப் பார்ப்பவருக்கு யார் பி.எஃப். கட்டுகிறார்கள்?)

ஆகவே ஐயா, பி.எஃப்., மருத்துவக் காப்பீடு, கிராஜுவிட்டி, நோட்டீஸ் மாதச் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஓ.எம்.ஆர். சம்பளம் அதையெல்லாம் தாண்டி நன்றாக மேலே நின்றால், பையனுக்கு வீட்டுக் கடன் எதுவும் இல்லையென்றால், இரண்டு வருடம் போய்க் கற்றுக்கொள்ளட்டும். இல்லையென்றால் அம்பத்தூர்தான். எங்கே சேர்ந்தாலும் பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு மூன்றையும் அலுவலகக் கணினிக்கு வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கணக்கை முடக்கிவிட்டால் அதற்குப் பிறகு எதையும் எடுக்க முடியாது.

இந்த இதழின் நடுப்பக்கத்தில் தொழிலாளர் சட்டத் தொகுப்பைப் பற்றி எளிய கேள்வி பதில் தந்திருக்கிறோம். அதைத் தொடர ஆசை. உங்கள் நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் உங்களுக்கு எத்தனை நாள், நிறுவனத்துக்கு எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்து எழுதியனுப்புங்கள். பர்மனென்டா, கான்ட்ராக்டா என்பதையும் சேர்த்து. உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ வேண்டாம். பத்தாம் தேதிக்குள் வந்தால் அடுத்த இதழிலேயே போட்டுவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்