டெத் ஸ்டார் சாவி யார் கையில்?

“ஆர்மி கையில விட்டுட்டா ஒரே நாள்ல முடிச்சிடுவாங்க சார்!”

எல்லையில் சண்டை வந்தால் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் திண்டிவனம் மேம்பாலத்தடியிலும் தவறாமல் கேட்கும் வசனம் இது. 2019 பாலகோட் நேரத்திலும் கேட்டது, 2025 மே மாதத்திலும் கேட்டது. அரசியல்வாதி திருடன், ராணுவக்காரர் நல்லவர், ஆகவே அணுகுண்டையும் அவரிடமே கொடுத்துவிடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதே வசனம் பேசுகிற காலேஜ் பையன்கள் ராத்திரி ஹாஸ்டலில் ஸ்டார் வார்ஸ் பார்க்கிறார்களே, அந்தப் படத்தையாவது ஒழுங்காகப் பார்க்கக் கூடாதா?

1977ல் வந்த முதல் படத்தில் பேரரசர் செனட்டைக் கலைத்துவிடுகிறார். அப்புறம் ஆட்சி எப்படி நடக்கும் என்று ஒரு தளபதி கேட்கிறார். கவர்னர்கள் நேரடியாக ஆள்வார்கள், மிச்சத்தைப் பயம் பார்த்துக்கொள்ளும் என்கிற மாதிரி பதில் சொல்கிறார் டார்கின். டெத் ஸ்டார் இவர் பொறுப்பில். இவர் சொன்னால் டார்த் வேடரே கையை இறக்குகிறார். லேயா ஒரு இடத்தின் பெயரைச் சொன்ன பிறகும் ஆல்டரான் கிரகத்தைத் தூள் தூளாக்குகிறார். யாரிடமும் அனுமதி கேட்கிற காட்சியே படத்தில் கிடையாது.

வேடர் பெரியவரா, டார்கின் பெரியவரா என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. “வேண்டாம்” என்று சொல்லும் அதிகாரம் அந்த அறையில் யாருக்காவது இருந்ததா? இல்லை. செனட்டைக் கலைத்த அன்றே அது போய்விட்டது.

“அது சினிமாப்பா” என்பார்கள். சரி, பக்கத்திலேயே இருக்கிற செஞ்சிக்கு வருவோம். விழுப்புரம், திண்டிவனம் இரண்டிலிருந்தும் பஸ் இருக்கிறது. 2025ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை. 1690ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் அதை முற்றுகையிட்டார். பிடித்தது 1698ல்! நடுவில் என்ன நடந்தது? பாதுஷாவின் மகன் காம் பக்ஷ் அதே முகாமில் இருந்துகொண்டு, கோட்டைக்குள் இருந்த ராஜாராமுடன் ரகசியமாகப் பேசினார். சுல்ஃபிகர் கானும் அவர் தந்தை ஆசாத் கானும் இளவரசரையே கைது செய்தார்கள். அந்த சுல்ஃபிகர் கானும் வேண்டுமென்றே முற்றுகையை இழுத்தடித்தார் என்ற சந்தேகம் உண்டு. பாதுஷா பல நாள் தூரத்தில். பீரங்கி இருந்த இடத்தில் ஆளுக்கொரு கணக்கு. சீருடை போட்டால் சொந்தக் கணக்கு மறைந்துவிடும் என்பவர்கள் ஒரு முறை ராஜகிரி ஏறிவிட்டு வரலாம்.

இப்போது இந்தியாவுக்கு. 2003 ஜனவரி 4 அன்று மத்திய அரசு அணு ஆயுதக் கட்டளை ஆணையத்தை அறிவித்தது. பிரதமர் தலைமையில் அரசியல் குழு. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் தலைமையில் நிர்வாகக் குழு. அணு ஆயுதத்தைப் பயன்படுத்த உத்தரவிடும் அதிகாரம் அரசியல் குழுவுக்கு மட்டும்தான். ஆயுதங்களைப் பராமரிக்கத் தனிப் படைப்பிரிவு உண்டு, ஆனால் அதன் தளபதி தானாக முடிவெடுக்க முடியாது. டீக்கடை கேட்பதற்கு நேர் எதிரான ஏற்பாடு. உருப்படியான ஏற்பாடும் கூட.

ஏன் என்று கேட்டால் 2022 மார்ச் 9ஐப் பாருங்கள். பராமரிப்பு வேலையின்போது ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. நல்லவேளை, அதில் வெடிமுனை இல்லை, யாரும் சாகவில்லை. அந்த ஆகஸ்டில் மூன்று விமானப்படை அதிகாரிகள் பதவி நீக்கப்பட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நல்லவர் கையும் தவறும், அவ்வளவுதான்.

ஆனால் அரசாங்கத்தைப் பாராட்டிவிட்டுத் தூங்கிவிடவும் முடியாது. அரசியல் குழுவில் யார் யார், எத்தனை பேர் “சரி” சொல்ல வேண்டும் என்பது 2003 அறிக்கையில் இல்லை. பிரதமருக்கு ஏதாவது ஆனால் மாற்று ஏற்பாடு உண்டு என்று இருக்கிறது. அந்த மாற்று யார் என்று இல்லை. இந்த ஆணையமே அமைச்சரவை முடிவால் வந்தது, பார்லிமென்ட் இயற்றிய சட்டத்தால் அல்ல. நாளைக்கு இன்னொரு அமைச்சரவை இன்னொரு காகிதத்தில் இதை மாற்றலாம். அமெரிக்காவில் ஜனாதிபதி ஒருவரே உத்தரவிடலாம். சிவிலியன் கையில் இருந்தாலும் ஒற்றைக் கை ஒற்றைக் கைதான்.

விஷயம் எங்கேயோ டில்லியிலும் இல்லை. மரக்காணத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம். அரிஹந்த் நீர்மூழ்கியின் அணு உலைக்கு முன்மாதிரி அங்கேதான் தயாரானது. ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில். தரையில் என்றால் வெடிமுனையை ஓரிடத்திலும் ஏவுகணையை வேறிடத்திலும் வைக்கலாம். ரோந்து போகும் நீர்மூழ்கிக்குள் அப்படிப் பிரித்து வைக்க முடியுமா? அங்கே காவல் விதி ஒன்றுதான்.

1962 அக்டோபர் 27ல் கியூபா அருகே ஒரு சோவியத் நீர்மூழ்கியில் அணு டார்ப்பிடோவை ஏவக் கேப்டன் துடித்தார் என்றும், கூட இருந்த வாசிலி ஆர்கிபோவ் மறுத்துத் தடுத்தார் என்றும் அதில் இருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். உலகம் பிழைத்தது ஒரு வீரரின் கோபத்தால் அல்ல, “வேண்டாம்” என்ற இன்னொருவரின் சொல்லுக்கு மதிப்பு இருந்ததால்.

“இதெல்லாம் ராணுவ ரகசியம், சட்டம் போட்டால் எதிரிக்குத் தெரிந்துவிடும்” என்பார்கள். பூட்டின் நம்பர் ரகசியமாகவே இருக்கட்டும். எத்தனை பூட்டு, சாவி எந்தெந்தப் பதவியில் இருப்பவரிடம் என்பது எப்படி ரகசியமாகும்? அது தெரிந்தால் எதிரிக்குப் பயம் கூடுமே தவிர குறையாது.

திண்டிவனத்தில் ஒரு வங்கியில் பத்து பவுன் அடகு வைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் என்பார்கள். மேனேஜர் திருடன் என்பதற்காக அல்ல. மேனேஜர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே எழக் கூடாது என்பதற்காக. பத்து பவுனுக்குக் கேட்டால் கிடைக்கிற பதில், கோடிக்கணக்கான உயிருக்குக் கேட்டால் கிடைக்கவில்லை.

அடுத்த முறை “ஆர்மி கையில விடு” என்று யாராவது ஆரம்பித்தால், “உங்க எம்.பி. இதுக்கு ஒரு சட்டம் கேட்டாரா?” என்று திருப்பிக் கேளுங்கள். டீ ஆறுவதற்குள் பதில் வராது.