சிப்புக்கு ஏதுங்க காலாவதி?

"உங்கள் நாயின் மைக்ரோசிப் பதிவு காலாவதியாகிறது, உடனே புதுப்பிக்கவும்." பிரிட்டனில் நாய், பூனை வளர்ப்பவர்களைக் குறிவைத்து இப்படி மோசடி மின்மடல்கள் வருகின்றன. கீழே ஒரு சுட்டி. சொடுக்கினால் அட்டை எண் கேட்கும் பக்கம். கொடுத்தால் போச்சு.

"பார்த்துச் சொடுக்க வேண்டாமா, படிச்சவங்கதானே?" என்று சிரிப்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

முதலில் சரக்கு என்னவென்று பாருங்கள். அரிசி மணி அளவில் ஒரு சில்லு, தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவது. பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. உள்ளே இருப்பது 15 இலக்க எண் ஒன்று, அவ்வளவுதான். அதில் காலாவதியாக எதுவுமே இல்லை! உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருப்பது வேறொரு தரவுத்தளத்தில். மேட்டரே அங்கேதான்.

இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016 ஏப்ரலிலும் பூனைகளுக்கு 2024 ஜூனிலும் சிப் கட்டாயமானது. விவரம் பழசாக இருந்தாலும் குற்றம். 21 நாள் கெடு தருவார்கள், அதற்குள் சரிசெய்யாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம். சரி, அந்த விவரத்தை வைத்திருப்பது அரசா? இல்லை. 20-க்கும் மேற்பட்ட தனித்தனித் தரவுத்தளங்கள். ஒன்றில் ஒருமுறை கட்டணம், இன்னொன்றில் வருஷச் சந்தா. குட்டியை விற்றவர் எதில் பதிந்தார் என்று ஐந்து வருஷம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? அந்த நேரம் பார்த்து, கேள்விப்படாத பெயரில் ஒரு மடல். அபராதப் பயம் வேறு. மொய் எழுதாமல் என்ன செய்வார்கள்?

அசல் கம்பெனிகளும் லேசுப்பட்டவை அல்ல. அமெரிக்காவில் ஹோம்அகெய்ன் வருஷச் சந்தா வாங்குவது கூடுதல் சேவைகளுக்குத்தான். சந்தாவை விட்டாலும் சிப் பதிவு அப்படியே இருக்கும். ஆனால் "சந்தா முடிகிறது" என்று மடல் வந்தால், நாய் தொலைந்துவிடுமோ என்று பதறுகிறவருக்கு இந்த வித்தியாசம் உறைக்குமா? (பயத்தை விற்பதும் ஒரு மார்க்கெட்டிங்தான் என்பது பி.காம். படிக்கும் எனக்கே தெரிகிறது.) நல்ல நோட்டையே மங்கலாக அச்சடித்தால் கள்ளநோட்டுக்காரனுக்குக் கொண்டாட்டம்தானே?

எல்லா மடலையும் குப்பையில் போடு என்பதும் சரிவராது. டெக்சாஸில் இயங்கிய சேவ் திஸ் லைஃப் 2025-இல் திடீரென்று மூடப்பட்டது. அதில் பதிந்திருந்தவர்கள் நிஜமாகவே வேறு இடத்தில் பதிய வேண்டியிருந்தது.

ஆகவே ஒரே பதிவேடு, ஒரே கட்டணம், ஆயுசுக்கும் ஒருமுறை என்று சட்டம் வரட்டும். பணம் கட்டும் சுட்டியை மடலில் அனுப்பவே கூடாது என்று கம்பெனிகளுக்குத் தடை போடுங்கள். அதுவரை, சிப் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; எந்தத் தரவுத்தளத்தில் இருக்கிறது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு, முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். மடலில் நாயின் பெயர் சரியாக இருக்கிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நமக்கென்ன என்கிறீர்களா? சென்னை மாநகராட்சியும் 2025-இல் வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். இங்கே உரிமத்தை நிஜமாகவே வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். போலிக் குறுஞ்செய்திக்காரன் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சுட்டியை மாற்றினால் போதும். "பணம் கட்டச் சொல்லிச் சுட்டி அனுப்ப மாட்டோம்" என்று மாநகராட்சி ஒவ்வொரு உரிமத்திலும் கொட்டை எழுத்தில் அச்சடிக்கட்டும், முதல் ஆள் ஏமாறுவதற்கு முன்பே.